பால்வாடியில் குழந்தையின் ஒரு வாரம்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு சிற்றூரின் அங்கன்வாடி மையத்தில் பல ஆண்டுகள் பணியாளராக இருந்தவள் நான். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் புதிதாகக் குழந்தையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், வாசற்படியில் நின்றபடி ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்பார்கள். பின்னால் வேறொரு தாய் காத்துக்கொண்டிருப்பார், உள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும். பாதிப் பதிலோடு அவர்களை அனுப்பிவைத்த நாட்கள் அதிகம். அந்தப் பதில்களை இங்கே முழுமையாக எழுதியிருக்கிறேன்.

பால்வாடி, அங்கன்வாடி, குழந்தைகள் மையம் என்பவை எல்லாம் ஒன்றுதானா? எந்த வயதில் சேர்க்கலாம்?

ஒன்றுதான். பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊரார் வாயில் அது பால்வாடிதான். இந்த மையங்களை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி மாணவர்களோடு பள்ளி வயதை எட்டாத சிறு குழந்தைகளையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டது. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு இணை உணவு மாவு வீட்டுக்கே தரப்படும்; இரண்டு வயதுக் குழந்தை மையத்தில் மதிய உணவு சாப்பிடலாம்; மூன்று வயது முதல் முன்பருவக் கல்வி உண்டு. கட்டணம் எதுவும் இல்லை.

முதல் வாரம் முழுவதும் குழந்தை அழுதால் என்ன செய்வது? நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். பிறந்தது முதல் அம்மாவின் குரலும் பாட்டியின் மடியும் மட்டுமே தெரிந்த குழந்தை, இருபது முகங்களுக்கு நடுவே திடீரென்று விடப்படும்போது அழுவது இயல்பு. முதல் இரண்டு மூன்று நாட்கள் நீங்களும் ஒரு மணி நேரம் பாயில் எங்களோடு உட்காருங்கள். அடுத்த இரண்டு நாட்களில் அந்த நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சமயம் பார்த்து, சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். திரும்பிப் பார்க்கையில் அம்மாவைக் காணோம் என்பதை ஒருமுறை அனுபவித்த குழந்தை, மறுநாள் முந்தானையை விடவே விடாது. நாங்கள் எடுத்துக் காட்டும் பொம்மையையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். குழந்தை அழுதாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டே போங்கள். அதற்கு மணிக்கணக்கு புரியாது. “சோறு சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் அம்மா வந்திருப்பேன்” என்றால் புரியும். சொன்னபடி வந்து நில்லுங்கள். “கடைக்குப் போய் மிட்டாய் வாங்கி வருகிறேன்” என்ற பொய்யும், “அழுதால் டீச்சர் ஊசி போட்டுவிடுவார்” என்ற மிரட்டலும் அந்த ஒரு நிமிடத்துக்கு உதவும். அதன் பிறகு நாங்கள் பக்கத்தில் போனாலே குழந்தை நடுங்கும். அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்றைப் பையில் வைத்து அனுப்புங்கள்; மதியம் தூங்கும்போது அதைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு அடங்கிய குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காலையில் விடும்போது உங்களிடம் என்ன சொல்ல வேண்டும்? அவசரத்தில் பேச நேரமே இருப்பதில்லையே.

இரண்டு நிமிடம் போதும். இரவு நன்றாகத் தூங்கினானா, காலையில் ஏதாவது சாப்பிட்டானா, வீட்டில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா. இந்த மூன்றைத் தெரிந்துகொண்டால் எங்கள் நாள் முழுவதும் மாறிவிடும். தூங்காத குழந்தையைப் பதினோரு மணிக்கே சற்றுப் படுக்க வைப்போம். வெறும் வயிற்றோடு வந்த குழந்தைக்கு வந்தவுடன் சத்துமாவு உருண்டை கொடுப்போம்.

மூன்றாவதைத்தான் பலர் சொல்லத் தயங்குகிறார்கள். எங்கள் மையத்துக்கு வந்த நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி ஒரு வாரம் சோற்றைத் தொடவில்லை, பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தோம், வயிறு சரியில்லையோ என்று செவிலியரிடம் காட்டினோம். கடைசியில் பாட்டி வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்: அவள் பெயர் வைத்து வளர்த்த ஆட்டுக்குட்டியை முந்தைய சந்தையில் விற்றுவிட்டார்களாம். அன்று மதியமே அவளை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் குட்டியின் பெயரைச் சொல்லி, அது என்ன தின்னும், எப்படிக் கத்தும் என்றெல்லாம் கேட்டேன். அழுது தீர்த்துவிட்டுச் சாப்பிட்டாள். திங்கட்கிழமையே எங்களிடம் சொல்லியிருந்தால் ஐந்து நாள் அந்தக் குழந்தை தனியாகத் துக்கப்பட்டிருக்க வேண்டாம்.

அப்பா வெளியூர் வேலைக்குப் போனது, தம்பி பிறந்தது, வீட்டில் சண்டை நடந்தது என்று எதுவானாலும் சொல்லுங்கள். விவரம் வேண்டாம். “ராத்திரி வீட்டில் கொஞ்சம் சத்தம், பார்த்துக்கொள்ளுங்கள்” என்ற ஒரு வரி போதும். அது எங்கள் படியைத் தாண்டி ஊருக்குள் போகாது.

ஒரு வாரம் எப்படி நடக்கிறது?

தினமும் காலையில் கை கழுவி, வணக்கப் பாட்டு. பிறகு கதை, ஆடல், வெளியில் விளையாட்டு, மதிய உணவு, தூக்கம். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம்தான் எங்களுக்கு வழிகாட்டி. விலங்குகள், காய்கள், என் குடும்பம் என்று ஒரு மாதம் முழுவதும் ஒரே கருப்பொருளைச் சுற்றியே கதையும் பாட்டும் விளையாட்டும் அமையும். ஒரே பாட்டைக் குழந்தை வீட்டில் நூறு முறை பாடினால் அலுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் அந்த வயதில் எதுவும் மனத்தில் பதியும்.

சமையல் நாளுக்கு நாள் மாறும். திங்கட்கிழமை தக்காளி சாதம், புதன்கிழமை காய்கறிப் புலாவ், வியாழக்கிழமை எலுமிச்சை சாதம். இந்த மூன்று நாட்களிலும் வேகவைத்த முட்டை உண்டு. செவ்வாய்க்கிழமை கலவை சாதத்தோடு கொண்டைக்கடலை அல்லது பச்சைப்பயறு, வெள்ளிக்கிழமை பருப்பு சாதத்தோடு உருளைக்கிழங்கு. இந்தப் பட்டியல் மையத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். வந்து பாருங்கள், சமைத்ததைச் சுவைத்தும் பாருங்கள். சந்தேகத்தோடு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்த தாய்மார்கள், பிறகு வீட்டில் அதே கலவை சாதத்தைச் செய்து கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

நாட்காட்டியில் நாள் தெரியாத குழந்தைகள்கூட முட்டையை வைத்துக் கிழமை சொல்வார்கள். திங்களன்று முட்டை கிடைத்துவிட்டது, நாளைக்குக் கடலை, நாளைக்கு மறுநாள்தான் மறுபடியும் முட்டை என்று நான்கு வயதுக் குழந்தை விரல் விட்டு எண்ணுவது, ‘நேற்று, இன்று, நாளை’ என்பதை அது கற்றுக்கொள்ளும் வழி. வீட்டிலும் மாலையில் “இன்றைக்கு என்ன சாப்பாடு? அப்படியென்றால் நாளைக்கு என்ன?” என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் முட்டை சாப்பிட மாட்டோம். சில உணவுகள் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது. என்ன செய்வது?

சேர்க்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தையைக் கட்டாயப்படுத்த மாட்டோம். ஒவ்வாமை என்றால் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் தாளில் எழுதியும் கொடுங்கள், ஏனென்றால் பணியாளர் கூட்டத்துக்குப் போன அன்று பரிமாறுபவர் உதவியாளராக இருப்பார். சமையலறைச் சுவரில் அந்தத் தாள் இருந்தால்தான் அவருக்கும் தெரியும்.

ஏ, பி, சி, டி எப்போது எழுதச் சொல்லித் தருவீர்கள்? பக்கத்துத் தனியார் நர்சரியில் மூன்று வயதிலேயே எழுதுகிறார்களே.

எல்லாக் கேள்விகளிலும் என்னை அதிகம் வருத்திய கேள்வி இதுதான். கேட்பவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. வயல் வேலைக்குப் போய்க் காசு சேர்த்து, தன் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்று தவிக்கும் தாய்தான் கேட்கிறார். ஆனாலும் என் பதில் மாறியதில்லை.

மூன்று வயதில் குழந்தையின் மணிக்கட்டு எலும்புகளே இன்னும் முழுமையாக உருவாகவில்லை. பென்சிலை அழுத்திப் பிடித்து, நான்கு கோட்டுக்குள் எழுத அந்தக் கை இன்னும் தயாராகவில்லை. அந்தக் கையைத் தயார் செய்வதுதான் எங்கள் வேலை. புளியங்கொட்டையையும் அவரை விதையையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்கிறோம். களிமண்ணில் உருண்டை பிடிக்கிறார்கள். மணலில் விரலால் வட்டம் போடுகிறார்கள். நூலில் மணி கோக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவையெல்லாம் வெறும் விளையாட்டாகத் தெரியும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு சிறு பொருளைப் பிடிக்கப் பழகிய குழந்தை, ஐந்து வயதில் பென்சிலைக் கேட்டு வாங்கி எழுதும். அதற்கு முன்பே அடித்து எழுதவைத்த குழந்தை பென்சிலைக் கண்டாலே கையைப் பின்னால் மறைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டதிலிருந்து, “இங்கேயும் எல்.கே.ஜி. உண்டா?” என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. வகுப்பின் பெயர் எதுவானாலும், நான்கு வயதுக் குழந்தைக்குத் தேவை கதையும் பாட்டும் பேச்சும்தான். மாலையில் “இன்றைக்கு என்ன எழுதினாய்?” என்று கேட்காமல், “இன்றைக்கு டீச்சர் என்ன கதை சொன்னார்?” என்று கேட்டுப் பாருங்கள். கதையை முன்னும் பின்னுமாகத்தான் சொல்லும். நரிக்குப் பதில் உங்கள் வீட்டு நாய் வரும். குறுக்கிடாமல் கேளுங்கள். இரண்டு மாதத்தில் அந்தக் கதைக்குத் தொடக்கமும் முடிவும் தானாக வந்துவிடும்.

மாதந்தோறும் எடை பார்த்து, “மஞ்சளில் இருக்கிறது” என்கிறீர்கள். அப்படியென்றால் என் குழந்தைக்கு நோயா?

நோய் என்று பொருள் இல்லை. அட்டவணையில் பச்சைப் பகுதி வயதுக்கேற்ற எடை, மஞ்சள் பகுதி எடை குறைவு. ஒவ்வொரு குழந்தையின் எடையையும் மாதந்தோறும் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் புள்ளியாக வைத்து, முந்தைய மாதப் புள்ளியோடு கோடு போட்டு இணைக்கிறோம். இப்போது அந்த விவரங்களைக் கைபேசிச் செயலியிலும் ஏற்றுகிறோம். புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒல்லியாக இருந்தாலும் மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கும் குழந்தை எனக்குக் கவலை தராது. பச்சைப் பகுதியிலேயே இருந்தாலும், கோடு இரண்டு மூன்று மாதம் படுத்தே கிடந்தால் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடுவேன்.

மேல் கையின் நடுப்பகுதியைச் சுற்றி நாடா வைத்து அளப்பதும் இதற்காகத்தான். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு அந்த அளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு; மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும், வீட்டுச் சாப்பாட்டை மட்டும் கூட்டிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. மற்ற குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நாங்கள் சொல்வது எளிய செய்திகள்தான்: ஒரே தட்டில் நிறையப் போடாமல் ஒரு நாளில் ஐந்து முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், சோற்றில் ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விடுங்கள், டீத் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்துப் பசியைக் கெடுக்காதீர்கள்.

எடை பார்த்தால் கண் பட்டுவிடும் என்று தயங்கும் பாட்டிமார்கள் உண்டு. அவர்களை நான் மறுத்துப் பேசியதில்லை. எடை பார்த்து முடிந்ததும் அவர்கள் திருஷ்டி சுற்றிப் போட்டுக்கொள்ளட்டும். அதேபோல, எடை அளவைப் பிற பெற்றோர் காதில் விழச் சொல்லக் கூடாது என்பதில் பணியாளர்கள் உறுதியாக இருக்க வேண்டும். பத்துப் பேர் நடுவில் “உங்கள் பிள்ளைதான் எடை குறைவு” என்று சொல்லக் கேட்ட தாய் அடுத்த மாதம் எடை பார்க்க வரமாட்டார்.

காய்ச்சல் வந்தால் அனுப்பலாமா? அம்மை, மெட்ராஸ் ஐ வந்தால் எத்தனை நாள் வீட்டில் வைத்திருக்க வேண்டும்?

காய்ச்சலோடு அனுப்ப வேண்டாம். மருந்து கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டு அனுப்புவதும் வேண்டாம். பத்து மணிக்கு அனுப்பிய குழந்தை பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் அனலாய்க் கொதிக்கும், அதற்குள் பக்கத்தில் படுத்த நான்கு பேருக்கும் பரவிவிடும். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வீட்டில் இருக்கட்டும். மெட்ராஸ் ஐ என்றால் கண்ணில் சிவப்பும் பீளையும் நிற்கும் வரை. கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோய்க்கும் காய்ச்சல் விட்டுக் கொப்புளம் காயும் வரை காத்திருங்கள்.

அம்மை வந்த வீட்டில் வேப்பிலை செருகுவார்கள், வெளியில் சொல்ல மாட்டார்கள். அந்த நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுத்தே கேட்கிறேன்: ஊருக்குச் சொல்ல வேண்டாம், எங்களிடம் மட்டும் சொல்லுங்கள். மையத்துக்கு வந்துபோகும் கர்ப்பிணிகளுக்குச் சின்னம்மை ஆபத்தானது.

மாலையில் யார் வந்தாலும் குழந்தையை அனுப்புவீர்களா?

அனுப்ப மாட்டோம். யார் யார் அழைத்துப்போகலாம் என்று சேர்க்கும்போதே பெயர்களைச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத சித்தப்பா வந்தால், அவரை எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தாலும், உங்களுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட பிறகே அனுப்புவேன். அவருக்கு அது மனவருத்தமாக இருக்கலாம். நீங்கள்தான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

குழந்தை உடம்பில் காயம், பல் தடம் இருந்தால் ஏன் முன்கூட்டியே சொல்வதில்லை?

சொல்லியே ஆக வேண்டும். சொல்லாதது எங்கள் பக்கத் தவறு. முட்டி சிராய்ந்தால்கூட, வீட்டில் நீங்கள் கண்டுபிடிக்கும் முன் எங்கள் வாயிலிருந்து செய்தி வர வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை கடிப்பது அதிகம் நடக்கும். பேச்சு வராத வயதில் பொம்மையைப் பிடுங்கினால் பல்தான் பேசும். எங்கே, எப்போது, என்ன மருந்திட்டோம் என்று முழுமையாகச் சொல்வோம்; கடித்த குழந்தையின் பெயரை மட்டும் சொல்ல மாட்டோம். பெயர் தெரிந்ததும் தெருவில் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ள, அந்த இரண்டு குழந்தைகளும் மறுநாள் ஒரே தட்டில் கடலை தின்றுகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காலையில் வரும்போதே குழந்தையின் உடம்பில் தடம் இருந்தால் நாங்களும் உங்களிடம் கேட்போம். அதைக் குற்றம் சாட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைக்குத் துன்பம் நேர்கிறது என்று எவருக்குச் சந்தேகம் வந்தாலும் அழைப்பதற்கு 1098 என்ற எண் இருக்கிறது. அந்த எண்ணை ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்து வைத்திருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் தினமும் படம் போடுவீர்களா?

விடுமுறை, தடுப்பூசி நாள், குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாள், கூட்டம் ஆகியவற்றுக்குக் குழு நல்லது. தினமும் படம் எதிர்பார்க்காதீர்கள்: உதவியாளர் சமையலறையில் இருக்க, ஒருவர் இருபது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், படம் எடுக்கும் நேரம் ஏதோ ஒரு குழந்தையிடமிருந்து பறித்த நேரம். நிகழ்ச்சி நாளில் படம் வந்தால், அதில் உங்கள் குழந்தையோடு பிறர் குழந்தைகளும் இருப்பார்கள் என்பதை நினைவில் வைத்து, அவர்களின் பெற்றோரைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். ஒரு குழந்தையின் எடை, நோய், வீட்டுச் செய்தி எதுவும் குழுவில் வரக் கூடாது. அவற்றை நேரில்தான் பேச வேண்டும்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். பாட்டிதான் கொண்டுவந்து விடுகிறார். எங்களுக்குச் செய்தி எப்படி வரும்?

பாட்டி வழியாகவே பெரும்பாலும் வரும், ஆகவே அவரிடம் மாலையில் கேளுங்கள். ஆனால் மாதத்தில் ஒரு நாளாவது, அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று, நீங்களே வாருங்கள். தாய்மார் கூட்டத்துக்கு அப்பாக்களும் வரலாம், வர வேண்டும். பாட்டி தன் பேரனின் குறையைச் சொல்லக் கூச்சப்படுவார், நாங்கள் சொன்னதில் பாதியைத்தான் வீட்டில் சொல்வார். அதையும் அவர் அன்பால்தான் செய்கிறார். எங்களுக்கும் வீடு வீடாகச் செல்லும் கடமை உண்டு. விளக்கேற்றும் நேரத்தில் வந்தால் உங்களைப் பார்க்கலாம் என்று சொன்னால் அந்த நேரத்தில் வருகிறோம்.

எங்கள் வீட்டில் தமிழ் பேசுவதில்லை. குழந்தை தனித்துப் போய்விடாதா?

திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் ஒடியாவும் இந்தியும் பேசும் குழந்தைகள் மையங்களுக்கு வருகிறார்கள். தண்ணீர், பசி, வலி, கழிப்பறை, அம்மா ஆகிய ஐந்து சொற்களையும் உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்வோம். வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள். குழந்தை தமிழை மற்ற குழந்தைகளிடமிருந்து சில மாதங்களில் எடுத்துக்கொள்ளும்.

மூன்று வயதாகியும் சரியாகப் பேசவில்லை. எப்போது கவலைப்பட வேண்டும்?

இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டால், முன்பு பேசிய சொற்கள் மறைந்துபோனால் காத்திருக்க வேண்டாம். “அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். காது கேட்கிறதா என்று சோதித்துவிட்டு அந்தப் பேச்சைக் கேட்டுக்கொள்ளலாம். ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு மையத்துக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும். அன்று குழந்தையைக் கட்டாயம் அனுப்புங்கள், முடிந்தால் கூடவே வாருங்கள். தேவைப்பட்டால் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்க மாவட்டத்தில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். இந்தச் செய்தியைத் தாயிடம் சொல்வது எனக்கு எப்போதும் கடினமாகவே இருந்தது. ஆனால் சொல்லாமல் தள்ளிப்போட்ட ஒரு முறை, அந்தக் குழந்தைக்கு ஓராண்டு வீணானது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

மையத்தின் மீது குறை இருந்தால் யாரிடம் சொல்வது?

முதலில் பணியாளரிடமே, குழந்தை பக்கத்தில் இல்லாதபோது சொல்லுங்கள். சரியாகாவிட்டால் மேற்பார்வையாளரிடமும், அடுத்து வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் சொல்லலாம். குறை சொன்ன வீட்டுக் குழந்தையை வேறு மாதிரி நடத்துவார்களோ என்ற பயம் வேண்டாம். அப்படி நடந்தால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஐந்து வயது முடிந்து ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

பள்ளி திறப்பதற்கு முன்பே ஒருநாள் குழந்தையை அழைத்துப்போய் வகுப்பறையையும் கழிப்பறையையும் காட்டிவிடுங்கள். வளர்ச்சி அட்டையையும் தடுப்பூசி அட்டையையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஆசிரியரிடம் குழந்தைக்கு எந்தக் கதை பிடிக்கும், எதற்குப் பயப்படும், அழுதால் எப்படிச் சமாதானமாகும் என்று சொல்லுங்கள். எங்களிடம் வாசற்படியில் சொன்னதைப் போலவே, அங்கேயும் இரண்டு நிமிடம்.